பாட்டில்லாமல் வந்த பாடகர்

2024 பிப்ரவரி 4ஆம் தேதி ‘சக்தி’ இசைக்குழுவுக்குக் கிராமி விருது கிடைத்தது. ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன் ஆகியோருடன் சங்கர் மகாதேவன், கஞ்சிரா செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன் என்று நமக்குப் பழகிய பெயர்களும் அதில் இருந்ததால் இங்கே அது கொண்டாடப்பட்டது. கொண்டாட வேண்டியதுதான். அதற்கு ஐந்து நாள் கழித்து, 9ஆம் தேதி, டாமோ சுசூக்கி தம் 74ஆம் வயதில் ஜெர்மனியின் கொலோன் நகரில் இறந்தார். ஜப்பானில் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்த அந்தப் பாடகரின் சாவுச் செய்தியை நம் பத்திரிகைகளிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனாலும் அந்த ஒரு வாரத்தில் அடுத்தடுத்து வந்த அந்த இரண்டு செய்திகளையும் என் மனம் சேர்த்தே வைத்துக்கொண்டது. இரு தரப்பாருமே வேற்று நாட்டுக் கலைஞர்களோடு மேடையைப் பகிர்ந்துகொண்டவர்கள். சக்திக்குப் பின்னால் ஐம்பதாண்டு வரலாறு இருந்தது. ஒத்திகையும் இசைத்தட்டுகளும் கட்டியெழுப்பிய பெயரும் இருந்தன. சுசூக்கியிடம் கடைசி இருபது ஆண்டுகளாகக் குழு இல்லை, பாட்டு இல்லை, இன்றைக்கு இன்னது பாடுவேன் என்ற பட்டியலும் இல்லை. ஊர் ஊராகப் போவார். அந்தந்த ஊரில் யார் வாசிக்கக் கிடைக்கிறார்களோ அவர்களோடு மேடை ஏறுவார். முடிந்ததும் அடுத்த ஊர்.

அவரைப் பதிவுகள் வழியாகவே அறிவேன். பல ஆண்டுகளாகக் கேட்டும் அவரைப் பற்றிப் படித்தும் வந்ததில் எனக்குள் மெல்ல உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. இந்தக் கட்டுரை அதற்காகத்தான். சுயேச்சையான இசைக்கலைஞர் என்று யாரைச் சொல்கிறோம்? இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கட்டுப்படாதவரை, தலைக்கு மேல் முதலாளி இல்லாதவரை. சுசூக்கி அதற்கும் ஒரு படி மேலே போனார். தமக்குக் கீழேயும் ஆள் வைத்துக்கொள்ளவில்லை. பல நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து வாசிக்கும்போது எந்தச் சுரம் எந்தத் தாளத்தோடு ஒத்துப்போகிறது என்றுதான் விமர்சகர்கள் பேசுவார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. யார் வீட்டில் யார் விருந்தாளி? யார் கிளம்பி யாரிடம் போகிறார்? போகும்போது கையில் என்ன கொண்டுபோகிறார்? இந்த மூன்றுக்கும் சுசூக்கி கண்ட விடைதான் அவருடைய இசை. அதிலிருந்து பிறந்த ஒலி சில நேரம் அபாரமானது, சில நேரம் சாதாரணமானது.

அவர் கதையின் தொடக்கமே ஒரு அழைப்பில்தான் இருக்கிறது. 1950இல் பிறந்தவர், பதின்வயதிலேயே ஜப்பானை விட்டு ஐரோப்பாவுக்கு வந்து, தெருவில் பாடிப் பிழைத்துக்கொண்டு சுற்றினார். 1970இல் மியூனிக் நகரில் ஒரு காபிக் கடை வாசலில் ஹோல்கர் சூக்காய், யாக்கி லீபெட்சைட் என்ற இருவர் உட்கார்ந்திருந்தார்கள். கொலோன் நகரின் ‘கேன்’ ராக் குழுவைச் சேர்ந்தவர்கள். சூக்காய் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹௌசனிடம் படித்தவர். லீபெட்சைட் ஜாஸ் டிரம்மர். அவர்களுடைய பாடகரான அமெரிக்கர் மால்கம் மூனி உடல்நலம் குலைந்து ஊர் திரும்பிவிட்டிருந்தார். தெருவில் கத்திப் பாடிக்கொண்டிருந்த இந்த இளைஞனைப் பார்த்ததும் இன்றிரவு எங்களோடு பாட வருகிறாயா என்று கேட்டார்கள். ஒத்திகை கிடையாது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். அன்றிரவு ‘ப்ளோ அப்’ என்ற கேளிக்கை விடுதியில் அவர் போட்ட கூச்சலில் கூட்டத்தில் பெரும்பாலோர் எழுந்து போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் ஹாலிவுட் நடிகர் டேவிட் நிவனும் ஒருவர் என்பது கேன் குழுவினர் சலிக்காமல் சொல்லிவந்த கதை. அதை எவ்வளவு நம்புவது என்பதைப் படிப்பவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். கதையில் எனக்கு முக்கியம் நிவன் அல்ல. முன்பின் தெரியாத ஒருவனைக் குழுவே நம்பி மேடை ஏற்றியது. அந்தக் கடனைத்தான் அவர் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் ஊராகப் போய் அடைத்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

அடுத்த மூன்றாண்டுகளில் வந்த ‘டாகோ மாகோ’ (1971), ‘எகே பாம்யாசி’ (1972), ‘ஃப்யூச்சர் டேஸ்’ (1973) ஆகிய மூன்று இசைத்தட்டுகளும்தான் அவருக்கு உலகப் பெயர் தந்தவை. ‘ஸ்பூன்’ என்ற பாட்டு ஜெர்மன் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு முகப்பிசையாகி அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் 6ஆம் இடம்வரை ஏறியது. எகே பாம்யாசியின் உறையில் வெண்டைக்காய் டப்பா ஒன்றின் படம். பெயரும் அந்தத் துருக்கி டப்பாவிலிருந்து எடுத்ததுதான். இந்த இசைத்தட்டுகள் எப்படி உருவாயின என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. குழுவினர் ஐவரும் மணிக்கணக்கில் முன்திட்டம் இல்லாமல் வாசிப்பார்கள். டேப் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு சூக்காய் அதை வெட்டி ஒட்டிப் பாட்டாக்குவார். சுசூக்கி ஆங்கிலம், ஜெர்மன், ஜப்பானியம், எந்த மொழியிலும் சேராத ஓசைகள் என்று கலந்து பாடுவார். ஆக, அவர் பங்கு அந்தக் கணத்தில் பிறப்பது. அதைப் பாட்டு என்று நிலைநிறுத்தியது வேறொருவருடைய கத்தி. 1973இல் அவர் குழுவை விட்டு விலகினார். ஜெர்மன் பெண்ணை மணந்து, யெகோவாவின் சாட்சிகள் சபையில் சேர்ந்து, பத்தாண்டுகள் இசைப் பக்கமே வரவில்லை. திரும்பி வந்தபோது டுங்கல்சிஃபர் என்ற கொலோன் குழுவோடு பாடினார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ‘டாமோ சுசூக்கி நெட்வொர்க்’ என்று தொடங்கியதில் முதலில் தெரிந்த முகங்களே இருந்தன. 2000க்குப் பிறகுதான் அது ஊருக்கு ஒரு குழு என்ற வடிவத்துக்கு வந்தது. உள்ளூர் வாத்தியக்காரர்களுக்கு ‘ஒலி சுமப்பவர்கள்’ என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார். ஒத்திகை பார்க்கக் கூடாது, முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்ளவும் கூடாது. கேன் பாட்டுகளைப் பாடமாட்டார். மேடையில் ஏறி ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ இடைவெளியில்லாமல் ஒன்றை உண்டாக்குவார்கள், அதோடு சரி.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் பெரிய உதாரணத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 1985இல் தென்னாப்பிரிக்காவின் ஜொகானஸ்பர்க் போய் அங்கிருந்த கறுப்பினக் கலைஞர்களோடு பதிவு செய்து, 1986இல் ‘கிரேஸ்லாண்ட்’ இசைத்தட்டை வெளியிட்டார். நிறவெறி அரசுக்கு எதிரான ஐ.நா.வின் பண்பாட்டுப் புறக்கணிப்பை அவர் மீறினார் என்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கண்டித்தது. 1987இல் லண்டன் ஆல்பர்ட் ஹால் கச்சேரிக்கு வெளியே ஆர்ப்பாட்டமும் நடந்தது. அந்தச் சுற்றுப்பயணத்தில் ஹ்யூ மசகேலாவும் மிரியம் மக்கேபாவும் லேடிஸ்மித் பிளாக் மாம்பாசோவும் உடன் வந்தார்கள். சைமன் வாத்தியக்காரர்களுக்கு நியூயார்க் சங்க ஊதியத்தைப் போல மும்மடங்கு கொடுத்தார், சில பாட்டுகளில் கூட்டு உரிமையும் தந்தார் என்பதும் பதிவான செய்திகள். அதைத் திருட்டு என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. அந்த இசைத்தட்டு எனக்குப் பிடிக்கும். ஆனால் ஏற்பாட்டைப் பாருங்கள். அவர் விருந்தாளியாகப் போனார். டேப்பை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். தம் ஊரில் அதற்குச் சொல் எழுதினார். பிறகு அந்த நாட்டுக்காரர்கள் அவருடைய பெயரிட்ட சுவரொட்டியின் கீழ், அவருடைய பாட்டுகளுக்கு வாசிக்க, அவரோடு உலகம் சுற்றினார்கள். எவ்வளவு தாராளமாக நடத்தினாலும் அது எஜமானரின் தாராளம். அதனால்தான் கிரேஸ்லாண்ட் பற்றிய சண்டை நாற்பது ஆண்டுகளாகியும் ஓயவில்லை. யாருக்கு எவ்வளவு, யார் பெயர் எங்கே என்ற கேள்விகளை அந்த ஏற்பாடே பிறப்பிக்கிறது. சுசூக்கியின் ஏற்பாட்டில் அயல்நாட்டவர் அவர் ஒருவரே. உள்ளூர்க்காரர்கள் நான்கைந்து பேர், அவர்கள் மேடை, அவர்கள் கருவிகள், அவர்களைப் பார்க்க வந்த நண்பர்கள். எண்ணிக்கையில் அவர்தான் சிறுபான்மை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். தனியாகப் போய் உள்ளூர் ஆட்களை வைத்து வாசிப்பது சுசூக்கி கண்டுபிடித்த அறமா என்ன? ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரி பல பத்தாண்டுகள் அதைத்தான் செய்தார். கையில் கிதார் மட்டும். பின்னணிக் குழுவையும் இரண்டு ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களையும் கச்சேரி ஏற்பாட்டாளர் தர வேண்டும். ரொக்கம் முன்கூட்டியே கையில் வர வேண்டும். ஒத்திகை இல்லை, என்ன பாட்டு என்றுகூடச் சொல்லமாட்டார். 1973இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகக் கச்சேரியில் அப்படி அவருக்குப் பின்னால் வாசித்தது அன்றைக்கு அதிகம் அறியப்படாத ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழு. பெர்ரி அப்படி ஆனதற்கு நியாயம் உண்டு. 1955இல் அவருடைய முதல் வெற்றிப் பாட்டான ‘மேபெல்லீன்’ இயற்றியவர் வரிசையில், வானொலி அறிவிப்பாளர் ஒருவர் பெயரும் இன்னொருவர் பெயரும் அவருக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டன. அவற்றை நீக்க முப்பதாண்டுகள் ஆயின. ஏமாந்தவர் ரொக்கம் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அவருடைய கச்சேரிகள் பலவற்றைப் பற்றிய பொதுக் குறை, பின்னால் நிற்பவர்கள் அவர் முகத்தையே பார்த்து எந்தச் சுருதி, எந்தப் பாட்டு என்று ஊகித்துத் திணறுவார்கள் என்பது. ஆக, தனியாகப் பயணம் போவது மட்டும் ஒருவரை விருந்தாளி ஆக்கிவிடாது. அந்த மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். அதுவே என் வாதத்தைக் கூர்மையாக்குகிறது என்றும் சொல்வேன். பெர்ரியின் பையில் பாட்டு இருந்தது. உலகமே அறிந்த, அவருக்குச் சொந்தமான பாட்டு. அது இருக்கும்வரை உள்ளூர்க்காரர் தவறு செய்யக்கூடியவர், அவர் திருத்தக்கூடியவர். சுசூக்கி அந்தப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். கேன் பாட்டுகளைப் பாடியிருந்தால் அரங்குகள் இரண்டு மடங்கு நிறைந்திருக்கும். அதைவிடக் குறைந்த கூலிக்குப் பழைய பாட்டையே பாடிக் காலம் தள்ளுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். அவர் பாட மறுத்தது பிடிவாதம் என்று ரசிகர்கள் சலித்துக்கொண்டார்கள். பாடியிருந்தால் உடன் வாசித்த உள்ளூர்க்காரர்கள் கேன் குழுவின் நகல்களாகியிருப்பார்கள்.

நம் கச்சேரி மரபை அறிந்தவர்களுக்கு ஒத்திகையில்லாமல் மேடை ஏறுவது பெரிய அதிசயமாகத் தோன்றாது. சபா ஒரு வித்துவானை ஒப்பந்தம் செய்யும். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் வேறு இருவரை அமர்த்தும். மூவரும் அன்றைக்குத்தான் சந்திப்பார்கள், சில நேரம் முதல் தடவையாகவே. என்ன கீர்த்தனை, எந்த இடத்தில் நிரவல் என்று பக்கவாத்தியக்காரருக்குச் சொல்லாமலே பாடத் தொடங்குவதும் சகஜம். அது சாத்தியமாவதற்குக் காரணம் பொது இலக்கணம். ராகத்தின் சஞ்சாரமும் தாளத்தின் கணக்கும் மூவர் உடம்பிலும் சிறுவயது முதல் ஏறியிருக்கின்றன. முதன்மைக் கலைஞர் யார் என்பதிலும் ஐயமில்லை. அவர் தேர்ந்ததை மற்றவர் தொடர்வார்கள். சக்தி எழுபதுகளில் தொடங்கியபோது மெக்லாஃப்லின் நம் இலக்கணத்தைப் படித்துவிட்டு வந்ததால்தான் எல். சங்கரும் விக்கு விநாயக்ராமும் அவரோடு அந்த வேகத்தில் உரையாட முடிந்தது. பொது இலக்கணம் இல்லாமல் வெறும் நல்லெண்ணத்தை வைத்து மேடை ஏறுவது சோம்பல் இல்லையா என்று ஒரு வித்துவான் கேட்டால் என்ன சொல்வது? இலக்கணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். டாகோ மாகோவுக்குப் பிறகு ஐம்பதாண்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரே தாளக்கட்டு, அதன் மேல் மெல்ல ஏறும் ஒலி, பாட்டுக்கு முடிவு எங்கே என்று அவசரப்படாத பொறுமை ஆகியவை உலகெங்கும் ராக் வாசிக்கும் இளைஞர்களின் காதில் ஏறிவிட்டன. மான்செஸ்டரின் ‘தி ஃபால்’ குழு 1985லேயே சுசூக்கியின் பெயரைத் தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டது. அவர் போன ஊரிலெல்லாம் அவருக்கு முன்பே அவருடைய இலக்கணம் போய்ச் சேர்ந்திருந்தது. அதைத் தாமே கைவிட்டு, வந்தவர்கள் அதை என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்கப் போனார் என்பதுதான் நிலைமை.

அப்படியானால் பிறநாட்டார் கூட்டு என்ற பேச்சுக்கே அர்த்தமில்லையே, எல்லா ஊரிலும் ஒரே கிதாரும் டிரம்ஸும் சிந்தசைசரும்தானே என்பது அடுத்த கேள்வி. இதில் உண்மை இருக்கிறது. நான் கேட்ட பதிவுகளில் வாத்தியங்கள் பெரும்பாலும் அவையே. பண்பாடுகள் சங்கமிக்கின்றன என்ற விளம்பர வாசகத்தை எதிர்பார்த்து அவரைக் கேட்பவர் ஏமாந்துபோவார். பாஸ்டன் நகரின் ‘கல் டி சாக்’ குழுவோடு அவர் வெளியிட்ட நேரடிப் பதிவுக்கு ‘அபயமுத்ரா’ என்று பெயர் (2004). பெயரைப் பார்த்து இந்திய இசை இருக்கும் என்று நினைத்தால் அதுவும் கிடையாது. ஆனால் கல் டி சாக் குழுவினர் மென்மையாக, கதவு திறக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி வாசிக்கிறார்கள். சுசூக்கி அங்கே முணுமுணுக்கிறார், சில இடங்களில் தாலாட்டுக்கு மிக அருகில் வருகிறார். 2018இல் லண்டன் பிரிக்ஸ்டன் பகுதியின் ‘விண்ட்மில்’ மதுக்கூடத்தில் ‘பிளாக் மிடி’ என்ற இளைஞர் குழுவோடு பாடிய பதிவில் அவர்கள் தறிகெட்டுப் பாய்கிறார்கள். அவர் குரல் கரகரத்து உறுமுகிறது. இரண்டையும் ஒரே மனிதர் பாடினார் என்பதை முதல் தடவை கேட்பவர் நம்பமாட்டார். நாடு மாறினால் இசை மாறும் என்பதை நாம் வாத்தியத்திலும் உடையிலும் தேடுகிறோம். அது எதிரே இருப்பவர் எப்போது நிறுத்துகிறார், எப்போது இடம் விடுகிறார், யார் முதலில் சலிப்படைகிறார் என்பதிலும் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு அதே பாடகரைப் பல ஊரில் கேட்க வேண்டும். சுசூக்கியின் பதிவுகள் அந்த வாய்ப்பைத் தருகின்றன.

கல் டி சாக் விஷயத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. அவர்களோடு அவர் ஒரே இரவு மட்டும் பாடவில்லை. சேர்ந்து பல கச்சேரிகள் செய்தார்கள். ஆகவே ஊருக்கு ஒரு புதுக் குழு என்ற விதியை அவர் வேதமாக வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பதிவு எனக்கு மிகப் பிடித்ததாக இருப்பது என் வாதத்துக்குச் சற்று இடைஞ்சல்தான். பழகப் பழக நன்றாக வாசிக்கிறார்கள் என்றால் பழகாதவர்களோடு ஏன் பாட வேண்டும்? ஆங்கிலேய கிதார் கலைஞர் டெரக் பெய்லி எழுபதுகளில் ‘கம்பெனி’ என்ற பெயரில் முன்பின் சேர்ந்து வாசிக்காதவர்களைக் கூட்டி வைத்துக் கச்சேரிகள் நடத்தினார். நெடுநாள் சேர்ந்து வாசிப்பவர்களிடம் ஒரு பாணி இறுகிவிடுகிறது, பிறகு அந்தப் பாணியை வாசிப்பதே வேலையாகிவிடுகிறது என்பது அவர் கட்சி. பெய்லி சொன்னது பாதி சரி. முதல் சந்திப்பில் கிடைக்கும் தடுமாற்றமும் அதிலிருந்து மீளும்போது கிடைக்கும் உயரமும் பத்தாவது சந்திப்பில் கிடைக்காது. ஆனால் பத்தாவது சந்திப்பில் கிடைக்கும் நிதானம் முதலாவதில் வராது. சுசூக்கியின் பதிவுகளில் இருபது நிமிடம் ஒன்றுமே நடக்காத இடங்கள் பல உண்டு. டிரம்மர் ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார், கிதார்காரர் துணிச்சலில்லாமல் சுற்றிச் சுற்றி வருவார், பாடகர் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். சூக்காயின் கத்தி பக்கத்தில் இருந்திருந்தால் அவை போயிருக்கும். கேன் இசைத்தட்டுகளே மேலானவை என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன், அவை மேலானவைதான். வெட்டித் திருத்திய நாற்பது நிமிடத்தையும் வெட்டாத ஒரு மணி நேரத்தையும் ஒரே தராசில் வைப்பதுதான் சரியில்லை. அந்த அறையில் இருந்தவர்களுக்கு அந்த இருபது நிமிடம் எப்படி இருந்தது என்பதை ஒலிப்பதிவு சொல்லாது. பதிவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் என் போன்றவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அடங்கிப் பேச வேண்டும்.

காசு விஷயத்தைப் பேசாமல் சுயேச்சை பற்றிப் பேசுவது வீண். ஐந்து பேர் கொண்ட குழு வெளிநாடு போனால் ஐந்து பயணச்சீட்டு, ஐந்து படுக்கை, வேன், ஓட்டுநர், வாத்தியப் பெட்டிகள். எல்லைகள் இப்போது முன்னைவிட இறுகியிருக்கின்றன. 2021 தொடக்கத்தில் பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையை விட்டு வெளியேறியபின் அந்நாட்டுக் கலைஞர்கள் ஐரோப்பாவுக்குள் போக நாட்டுக்கு நாடு வெவ்வேறு வேலை அனுமதி விதிகளையும் வாத்தியங்களுக்கான சுங்க ஆவணங்களையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் கலைஞர் விசா விண்ணப்பக் கட்டணம் 2024 ஏப்ரலில் 460 டாலரிலிருந்து 1,000 டாலருக்கு மேல் போய்விட்டது. சிறு அரங்குகளில் வாசிக்கும் குழுக்களுக்கு இது கதவைச் சாத்துவதற்குச் சமம். எல்லைகளைத் தாண்டுவது ஒரே ஒரு உடம்பு, அதுவும் வாத்தியம் இல்லாத உடம்பு என்றால் கணக்கு அடியோடு மாறுகிறது. இதைச் சிக்கனம் என்று மட்டும் பார்ப்பவர்கள் சுசூக்கியை ஒரு கெட்டிக்கார வியாபாரியாக்கிவிடுவார்கள். இதே சிக்கனத்தைத்தான் பெர்ரியும் கண்டுபிடித்தார் என்று ஏற்கெனவே பார்த்தோம். சிக்கனம் இருவரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. உள்ளூர்க்காரர்கள் சுசூக்கியின் புகழுக்கு இலவசமாக உழைத்தார்களா என்ற சந்தேகத்துக்கு ஓரளவு விடை இசைத்தட்டு உறைகளில் இருக்கிறது. அபயமுத்ராவில் கல் டி சாக் பெயர் இருக்கிறது. விண்ட்மில் பதிவில் பிளாக் மிடி பெயர் இருக்கிறது. பின்னணிக் குழு என்று எவரும் பெயரில்லாமல் போகவில்லை. கூலியின் அளவை அதிலிருந்து கண்டுகொள்ள முடியாது என்றாலும் யார் இசை என்ற கேள்விக்கு அது நேரான பதில்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1983இல் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. 2014இல் மறுபடியும் வந்தது. அறுவைச் சிகிச்சைகளுக்கு இடையில் அவர் பாடப் போனதை மிஷேல் ஹெய்வே எடுத்த ‘எனர்ஜி’ (2022) என்ற ஆவணப்படம் காட்டுகிறது. இதை வைத்து நோயை வென்ற வீரர் என்று எழுதப் பலருக்கும் ஆசை இருந்தது. எனக்கு அதில் ஆர்வமில்லை. இந்த ஏற்பாட்டின் ஒரு வசதியை மட்டும் அது காட்டுகிறது. நாற்பது பாட்டுகளை நினைவில் வைத்து, அதே சுருதியில், இருபத்தைந்து வயதில் பாடியது போலப் பாட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அன்றைக்குக் குரல் எப்படி இருக்கிறதோ அதுவே அன்றைய பாட்டு. பழைய புகழில் வாழும் பாடகர்கள் சுருதியைத் தாழ்த்தியும் பின்பாட்டுக்காரர்களின் குரலுக்குப் பின்னால் ஒளிந்தும் தம் இளமையோடு போட்டி போடுவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறோம். அந்தப் போட்டியிலிருந்து அவர் முன்பே விலகியிருந்தார்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. கேன் குழுவில் மூன்றாண்டுகள் பாடியிராவிட்டால் இந்த மனிதருக்கு எந்த ஊரில் யார் மேடை தந்திருப்பார்கள்? புகழைத் துறந்ததாகக் காட்டிக்கொண்டு அந்தப் புகழின் வட்டியில்தான் அவர் பயணம் செய்தார். பெயர் இல்லாத ஒருவர், பாட்டும் இல்லாமல், குழுவும் இல்லாமல், உங்கள் ஊரில் நான்கு பேரைச் சேர்த்துவையுங்கள் என்று எழுதினால் பதில்கூட வராது. இதை என்னால் மறுக்க முடியவில்லை. இந்த வழி எல்லாருக்கும் திறந்த வழி என்று சொல்வது பொய்யாகும். பெயர் இருப்பவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்பதையாவது பார்க்கலாம். கேன் குழுவில் பாடியவர் என்ற பெயரைக் கொண்டு அவர் பெரிய அரங்கை வாங்கியிருக்கலாம், மறுகூடல் கச்சேரி நடத்தியிருக்கலாம். அவர் அதைக் கொடுத்து வாங்கியது யாருக்கும் தெரியாத உள்ளூர்க் குழுக்களுக்கு ஒரு இரவு மேடை. 2018இல் விண்ட்மில்லில் அவரோடு வாசித்த பிளாக் மிடி பையன்கள் பள்ளி முடித்து அதிக நாள் ஆகாதவர்கள். அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவர இன்னும் ஓராண்டு இருந்தது. அவருக்கு வயது 68. அன்றைக்கு அந்தச் சின்ன அறைக்கு வந்தவர்களில் பலருக்கு அவர் பெயர்தான் காரணமாக இருந்திருக்கும். 2019க்குப் பிறகு அந்தக் குழு பெயர் பெற்றுவிட்டது. இன்று அந்தப் பதிவை பிளாக் மிடிக்காகத் தேடிப்போய், பாடுகிற கிழவர் யார் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.